திட்டு டேபிள் ஆங்கிலம்

அலுவலகத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆனால் பொருந்திப்போன பட்டப்பெயரை யாரால் உதற முடியும்? கடல் தாண்டிய ஒரு நாட்டில் விற்கிற வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இங்கே மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பதில் சொல்வதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. அங்கே யார் வீட்டிலாவது மெஷின் மக்கர் பண்ணினால் ஒரு நம்பரை அழுத்துவார்கள், இங்கே கிளியின் ஹெட்செட்டில் மணி அடிக்கும். எடுத்ததும் அர்ச்சனைதான். அவள் உட்காரும் வரிசைக்குத் திட்டு டேபிள் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த நாற்காலியில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். கிளி ஏழு வருடமாக உட்கார்ந்திருந்தாள், அதுவும் ஆசை ஆசையாக. காரணம் அவள் காது. எதிர்முனையில் ஒரு 'ஹலோ' விழுந்தால் போதும், ஸ்கிரீனில் பின்கோடு வந்து நிற்பதற்குள் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுவாள். டீக்குப் பந்தயம் கட்டி அவளிடம் தோற்காதவர் அந்த மாடியில் ஒருவரும் கிடையாது.

"இங்கிலீஷ் ஒண்ணுதானே, அதுல என்ன ஊருக்கு ஊர்?" என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றாம், ஒன்று. அந்த நாட்டின் மேற்கே சொல்லின் கடைசியில் வரும் 'ர்' நாக்கில் உருளும், கிழக்கே அதையே முழுங்கிவிட்டு ஏப்பம் விடுவார்கள். துறைமுகக்காரர்கள் பேச்சில் மூக்கு பாதி வேலை செய்யும். அவர்களுடைய தாத்தாக்களில் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து மூட்டை இறக்க வந்தவர்கள், வந்தவர்கள் பேச்சையும் சேர்த்தே இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நடுவே ஒரு புது நகரம் இருந்தது. தொழிற்சாலைக்காக நாலா திசையிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். அங்கே அப்பா ஒரு மாதிரி பேசுவார், அம்மா வேறு மாதிரி பேசுவாள், பிள்ளைகளோ இரண்டுமில்லாமல் தெருவில் தாங்களே புதிதாக ஒன்றைச் செய்துகொண்டுவிட்டார்கள்.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கேட்டுத்தான். "உங்க மெஷின் நம்பரைத் தேடறேன், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, எதையும் தேடாமல், "உங்க அப்பாவும் அதே ஊரா?" என்று மெல்லக் கொக்கி போடுவாள். வாயைத் திறந்ததும் எரிந்து விழுந்தவர்கள்கூட ஊர்ப்பேச்சு என்றால் இறங்கி வந்துவிடுவார்கள். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய அழைப்பு பதினொரு நிமிடம் ஓடும். மாதக் கடைசியில் மதிப்பெண் பட்டியலில் கிளியின் பெயரைத் தேட வேண்டியதே இல்லை, அடியில் பார்த்தால் போதும். வீட்டில் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் முழுக்க அந்த நாட்டின் வரைபடம், கையால் வரைந்தது. எந்த ஊர் எப்படிப் பேசும், ஏன் அப்படிப் பேசும் என்று எறும்பு எறும்பாக எழுத்து. அவள் கணவர் சட்டை எடுக்கப் போனால் ஒரு மாகாணமே முகத்தில் வந்து இடிக்கும்.

அந்த வரைபடத்தில் அவள் உயிரையே வைத்திருந்த இடம் ஒரு சுரங்கப் பள்ளத்தாக்கு. இரண்டு மலைக்கு நடுவே வரிசையாக ஏழெட்டுச் சின்ன ஊர்கள். அங்கே ஒரு காலத்தில் வேறு மொழி பேசியிருக்கிறார்கள். சுரங்கம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆங்கிலம் வந்தது, பழைய மொழி போயிற்று. ஆனால் அதன் ராகம் போகவில்லை, ஆங்கிலத்தின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஊர்க்காரர்கள் திட்டினால்கூட ஏற்ற இறக்கத்தோடு திட்டுவார்கள். கிளி அதை இருநூறு முறையாவது கேட்டிருப்பாள்.

இத்தனை இருந்தும் அவளுக்கு ஒரு குறை. அந்த நாட்டில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. வேலையில் சேர்ந்த அன்றே கம்பெனி மூன்றெழுத்தில் ஒரு ஆங்கிலப் பெயரைக் கொடுத்துவிட்டது. ஏழு வருடமாக அவள் குரல் ஆயிரம் வீட்டுக்குள் போய் வந்திருக்கிறது, வேறொருத்தியின் பெயரில். இதை நினைத்தால் சில நாள் சாப்பாடே இறங்காது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வாய்ப்பு வந்தது. அந்த நாட்டு ஸ்டுடியோ ஒன்று ஒரு நீண்ட கதையை ஒலிப்புத்தகமாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாத்திரமும் தன் ஊர்ப்பேச்சிலேயே பேச வேண்டும், பேசுகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் சரி என்று அறிவித்திருந்தார்கள். கிளி குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். பள்ளத்தாக்கு அக்கா என்ற பாத்திரத்துக்குத் தேர்வு வைக்கிறோம் என்று பதில் வந்தது. கிடைத்தால் புத்தகத்தின் தொடக்கத்தில் குரல் கொடுத்தவர் பெயரை வாசிப்பார்கள், சொந்தப் பெயரை. கிளிக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஹெட்செட்டைக் கழற்றாமலே எழுந்து ஓடி ஒயர் இழுத்துத் திரும்பி நாற்காலியிலேயே விழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், காலியாகக் கிடந்த பயிற்சி அறையில், லேப்டாப்பில் தேர்வு நடந்தது. திரையில் டைரக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும். தானும் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவள் என்றும், பதினெட்டு வயதில் வெளியேறியதாகவும், ஸ்டுடியோக்களில் அலைந்து அலைந்து பேச்சை இஸ்திரி போட்டுக்கொண்டுவிட்டதாகவும் முதலிலேயே சொல்லிவிட்டாள். காட்சி சின்னதுதான். கோபித்துக்கொண்டு போன தங்கை பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறாள், அக்கா கதவைத் திறக்கிறாள். "வந்துட்டியா? ஏன் வாசல்லயே நிக்கற? உள்ள வா." அவ்வளவுதான் வசனம், அந்த ஊர் ஆங்கிலத்தில்.

கிளி ஒரே மூச்சில் வாசித்தாள். டைரக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"சத்தியமா எங்க ஊர்ப் பேச்சுதான். எங்க தெருன்னே சொல்வேன். ஆனா இந்த அக்கா ஏன் இப்படிக் கொதிக்கிறா? எங்க அக்கா இப்படிக் கதவைத் திறந்தா நான் அப்படியே திரும்பி அடுத்த ரயிலைப் பிடிச்சிருப்பேன்."

மறுபடி வாசித்தாள். இன்னும் கொதித்தது. மென்மையாக வாசித்துப் பார்த்தாள். மென்மை வந்தது, பள்ளத்தாக்கு போய்விட்டது, எந்த ஊரும் இல்லாத ஆங்கிலமாக வழவழவென்று நின்றது. டைரக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இன்னொரு தடவை பாப்போம். எங்க ஊர் நடிகை ஒருத்தியும் கேட்டிருக்கா. ரெண்டு பேர்ல ஒருத்தரை அன்னிக்கே முடிவு பண்ணணும்."

மூன்று நாள். கிளி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். பத்தாவது நிமிடம் மாமியார் கதவைத் தட்டினார். "யார் கூடம்மா சண்டை? போனை என்கிட்ட குடு, நான் கேக்கறேன்."

"சண்டையில்ல அத்தை. தங்கச்சியை வாசல்ல வரவேற்கறேன்."

மாமியார் மூக்கின்மேல் விரலை வைத்தார். "நல்லா வரவேற்ற போ. அந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா?"

புதன்கிழமையும் இதே கதை. கோபத்தைத் தணித்தால் ஊர் போகிறது, ஊரை இழுத்தால் கோபம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இதென்ன கூத்து என்று கிளிக்குப் புரியவே இல்லை. காதில் கேட்டதைத்தானே சொல்கிறாள், ஒரு இம்மி கூட்டவில்லை குறைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை போகாத கையைத் துடைத்துக்கொண்டே அவரும் உட்கார்ந்தார். அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், "சரி சார், காலைல வந்துடறேன்" என்று வைத்தார்.

"என்னவாம்?" என்றார் மாமியார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சாம். காது கிழியக் கத்தறாரு." தட்டை இழுத்துக்கொண்டார். "இருபது வருஷத்துல ஒருத்தன்கூட, லிஃப்ட் நல்லா ஓடுதுப்பான்னு போன் பண்ணினதில்ல. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல எல்லாரும் கோவக்காரங்கதான்."

கிளி சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"எல்லாரும் கோவக்காரங்கன்னு சொன்னீங்களே."

"கெட்டுப்போனாத்தானே கூப்பிடறாங்க. நான் வேற என்னத்தைக் கண்டேன்?"

அடிப்பாவி, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். ஏழு வருடம். அலமாரிக் கதவு கொள்ளாத எழுத்து. அத்தனையும் மெஷின் கெட்டுப்போனவர்களிடம் கற்றது. ஒரு நாட்டின் பேச்சு முழுவதையும் அவள் வசவிலிருந்தே படித்திருக்கிறாள். அவர்கள் கொஞ்சும்போது எப்படிப் பேசுவார்கள், யாராவது வந்தால் மகிழ்ந்துபோய் எப்படிக் கூப்பிடுவார்கள், ஒன்றும் தெரியாது. திட்டு டேபிளில் உட்கார்ந்துகொண்டு திட்டைத் தவிர வேறென்ன கேட்டுவிட முடியும்? எழுந்து மேஜையைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே, மருந்தும் அலுவலகத்தின் அதே மாடியில்தான் இருந்தது.

அந்த மாடியின் மறுகோடியில் நன்றி டேபிள் இருந்தது. மெஷின் சரியாகி இரண்டு நாள் கழித்து, "இப்ப நல்லா ஓடுதா?" என்று இவர்களே கூப்பிட்டு விசாரிக்கிற வரிசை. அந்த வரிசைக்கு ராணி மாதிரி ஒருத்தி இருந்தாள், சர்க்கரை என்று பட்டப்பெயர், அப்படி ஒரு குரல். மாதா மாதம் முதல் மதிப்பெண், சுவரில் புகைப்படம். கிளிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. சிரிக்கிறவர்களிடம் சிரித்துப் பேசி மார்க் வாங்குவது ஒரு வேலையா என்று ஏழு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு அவள் முன்னால் போய் நின்றாள்.

"உன் சீட் ஒரு மணி நேரம் வேணும்."

சர்க்கரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏழு வருஷத்துல நீ எனக்கு ஒரு குட் மார்னிங் சொன்னதில்ல."

"சொல்லல. தப்புதான். பொறாமை." சுற்றி வளைக்க நேரமில்லை, அதனால் உண்மையே வந்துவிட்டது. விஷயத்தை மூன்று வாக்கியத்தில் கொட்டினாள்.

சர்க்கரை கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினாள். "அந்த ஒரு மணி நேரம் உன் சீட்ல யாரு?"

"நீதான்."

"போச்சுடா," என்றாள் சர்க்கரை. ஆனால் எழுந்துவிட்டாள். போகிறபோது பட்டியலைக் காட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குக் கூப்பிட வேண்டியவர்களில் பள்ளத்தாக்குக்காரர்கள் மூன்றே பேர்.

முதல் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இரண்டாவதை ஒருவர் எடுத்தார். கிளி காதைத் தீட்டினாள். வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, தலைநகரத்து ஆள். பள்ளத்தாக்கில் வீடு மலிவென்று போன மாதம்தான் குடி வந்தாராம். மெஷின் ஜோராக ஓடுகிறதாம். மகராசனாக இரும் என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு வைத்தாள். மணி இரண்டு ஐம்பது. அந்தக் கோடியிலிருந்து சர்க்கரையின் குரல் கேட்டது, "சார், கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க சார்" என்று, பாதி சர்க்கரை கரைந்து போயிருந்தது.

மூன்றாவது நம்பர். ஒரு பெண் எடுத்தாள். பள்ளத்தாக்குதான், சந்தேகமே இல்லை.

"உங்க மெஷின் இப்ப எப்படிம்மா இருக்கு?"

நல்லா இருக்கு, ரொம்ப நன்றி, என்று அந்தப் பெண் சொன்னாள். அளந்து, மரியாதையாக, வெளியாளிடம் பேசுகிற பேச்சு. விருந்தாளிக்கு எடுத்து வைக்கிற கோப்பை மாதிரி. கிளிக்கு மனசு விழுந்தது. இது இல்லை. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அன்றாடப் பேச்சு வேண்டுமென்றால் இந்தப் பெண் தன் ஆட்களிடம் பேசுவதைக் கேட்க வேண்டும்.

"சத்தம் இன்னும் இருக்காம்மா? பழைய ரிப்போர்ட்ல மெஷின் குதிக்குதுன்னு எழுதியிருக்கு. பக்கத்துல யாராவது இருந்தா கேட்டுச் சொல்லச் சொல்லுங்களேன், ரெண்டு காதுக்கு நாலு காது நல்லது."

இப்படி ஒரு கேள்வி கம்பெனிப் பட்டியலில் எங்குமே கிடையாது. ஆனால் அந்தப் பெண் உற்சாகமாகிவிட்டாள். போனை மெஷின் மேலேயே வைத்துவிட்டாள். 'ணங்' என்று கேட்டது. பின்கதவு திறந்தது. பக்கத்து வீட்டிலிருந்த யாரையோ அவள் கூப்பிட்டாள்.

அந்தக் கூப்பிடுதலைக் கேட்டதும் கிளி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதே சொற்கள்தான், இருநூறு முறை கேட்டவை. வா, என்ன பண்ற, சீக்கிரம். ஆனால் கோபத்தில் அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் வெட்டிக் கீழே போடுவார்கள். இங்கே வால் மேலே போயிற்று. நடுச்சொல் இழுபட்டது, ஊஞ்சல் போல, பிறகு கடைசி அசை எம்பியது. வந்தவள் அக்காவோ, அண்ணியோ, தோழியோ, அவளும் அப்படியே எம்பினாள். இரண்டு பேரும் ஓடுகிற மெஷினைச் சுற்றி நின்றுகொண்டு, முன்பு அது சமையலறையில் எங்கெங்கே குதித்துப் போயிற்று என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பழைய மொழி விட்டுப்போன ராகம் என்று அலமாரிக் கதவில் எழுதி வைத்திருந்தாளே, அதில் பாதியைத்தான் அவள் இதுவரை கேட்டிருக்கிறாள். மீதிப் பாதி இதோ, ஒரு வாஷிங் மெஷின் மேலே.

தோளில் ஒரு கை விழுந்தது. டீம் லீடர். எந்த ஊர்ச் சாயலும் இல்லாமல் பேச வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் அவருக்கு நியூட்ரல் சார் என்று பெயர்.

"இது உன் சீட்டா?"

கிளி விரலை உதட்டில் வைத்தாள். அவரிடம் இதுவரை ஒருவரும் அப்படிச் செய்ததில்லை, அதனால் அவர் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டார். நாலு நிமிடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி வைத்தாள்.

"மெமோ வரும்," என்றார்.

"வரட்டும் சார். நாலரைக்கு மேல குடுங்க, நின்னு நிதானமா வாங்கிக்கறேன்." சொல்லிவிட்டுப் பயிற்சி அறைக்கு ஓடினாள்.

நாற்பது நிமிடம் சுவரைப் பார்த்து அந்த வாலைத் தூக்கிப் பழகினாள். முதலில் வழுக்கியது. பிறகு பிடிபட்டது. சரியாக நாலு மணிக்குத் திரையில் டைரக்டரம்மா வந்தாள். பக்கத்தில் வேறு ஒரு பெயர் எழுதிய தாள் கிடந்தது, அந்த நடிகையுடையதாகத்தான் இருக்கும். கிளி அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே கதவு இருப்பதாக நினைத்தாள். திறந்தாள்.

"வந்துட்டியா? ஏன் வாசல்லயே நிக்கற? உள்ள வா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்புத்தான் போய்விட்டதோ என்று கண்ணைத் திறந்தாள். டைரக்டரம்மா திரையில்தான் இருந்தாள். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ திட்டுவியோன்னு பயந்தேன்," என்றாள். தங்கைக்கு அப்படி ஒரு வசனம் தாளில் இல்லை. அதுவுமில்லாமல் அவள் அதை இஸ்திரி போட்ட ஆங்கிலத்தில் சொல்லவில்லை, பள்ளத்தாக்கில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவள் போலச் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். "முப்பது வருஷமாச்சு இப்படிப் பேசி. எங்கேயோ போய்த் தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்."

கிளி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"அக்கா நீதான்," என்றாள் டைரக்டரம்மா. "அந்த நடிகையை நான் வேற பாத்திரத்துக்குப் பாத்துக்கறேன். சரி, புத்தகத்துல பேர் வாசிக்கணும். உன் பேர் என்ன?"

ஏழு வருடப் பழக்கம் சும்மா விடுமா? மூன்றெழுத்துப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கிளி பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். பிறகு அப்பா பெயரின் முதல் எழுத்தோடு தன் பெயரைச் சொன்னாள், எந்த நாட்டு ராகமும் ஏற்றாமல், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி.

டைரக்டரம்மா அதை எழுதிக்கொண்டாள். பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நடு எழுத்தை ஊஞ்சலாட்டி இழுத்தாள், இல்லாத இடத்தில் அழுத்தினாள், கடைசி எழுத்தை அப்படியே மேலே தூக்கிவிட்டாள்.

"சரியாச் சொன்னேனா?"

"இல்ல," என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "இன்னொரு தடவை அப்படியே சொல்லுங்க."